மறுகரையில் சாதி கிடையாது

ஞாயிறு, ஜூன் 4

இன்றிலிருந்து குறிப்பு எழுதுகிறேன். நான் உருவாக்கிக்கொண்டிருக்கும் உலகம் ஒருநாள் நூலாக வரும். அப்போது இது எப்படிப் பிறந்தது என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்வேன்.

விளையாட்டு இதுதான். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்வோம். நான் நடுவர். அங்கே என்ன சட்டம், யார் கை ஓங்கியிருக்கிறது, தெருவில் என்ன நடக்கிறது, எல்லாம் நான் சொல்வேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்தில் நடமாடுவார்கள். வழியில் எதிர்ப்படும் மற்ற அத்தனை பேருக்கும் நானே வாய். ஒரு காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். என் பகடையை மட்டும் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டுவேன். நடுவருக்கு அந்த உரிமை உண்டு.

மதுரையில் இதை ஆடுகிற பொடியன்களைப் பார்த்திருக்கிறேன். பறக்கும் பாம்பு, மந்திரக்கோல், வாள். ஓர் ஊருக்கு யார் சோறு போடுகிறார்கள், யார் குப்பை அள்ளுகிறார்கள் என்று ஒருத்தனுக்கும் கவலை கிடையாது. கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவன் ஓர் உலகம் செய்தால் எப்படி இருக்கும் என்று நான் காட்டுகிறேன்.

உலகத்தின் பெயர் மறுகரை. தொலைதூர நிலவு ஒன்றில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே மனிதர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒன்பது தளங்கள் கொண்ட கப்பலில் வந்து இறங்கியவர்களின் வாரிசுகள். அங்கே சாமி இல்லை, காசு இல்லை, சாதி இல்லை. முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

அப்பா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். எனக்கு அறவாழி என்றும் தங்கைக்கு மணிமொழி என்றும் பெயர் வைத்தவர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மேடை போட்டுச் சீர்திருத்தக் கல்யாணம் செய்தவர். அம்மா அவருக்குச் சொந்த மாமன் மகள்.

ஞாயிறு, ஜூன் 11

ஆட்டம் தொடங்கியது. மணிமொழி, என்னோடு வேலை பார்க்கும் வணிகவியல்காரர் கோமதிநாயகம், மூன்றாவதாக ரூபன் என்று ஒருவன். மணிமொழி அழைத்துவந்தாள். அவள் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவமனையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளனாம். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவனெல்லாம் இப்போது பொறியாளன்தான். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தான். தேவைக்கு மேல் நன்றாக.

"எந்த ஏரியா?" என்று கேட்டேன், பஸ் வசதிக்காக. சொன்னான். "அதுல எந்தப் பக்கம்?" என்றேன். பக்கத்துக்குப் பக்கம் பஸ் மாறுமல்லவா? சர்ச்சுக்குப் பின்னால் என்றான்.

"அப்பா என்ன பண்றாங்க?"

"கார்ப்பரேசன்ல இருந்தாங்க சார். ரிட்டயர் ஆயிட்டாங்க."

"கார்ப்பரேசன்ல எதுல?"

"அண்ணே, கதைய ஆரம்பிங்க" என்றாள் மணிமொழி. ஒரு மனிதனோடு நாலு வார்த்தை பேசவிட மாட்டாள்.

கோமதிநாயகம் அதைவிட மோசம். ரூபன் கைகழுவ எழுந்ததும் என் பக்கம் குனிந்து, "என்ன ஆளுக சார்?" என்றார். "மனுச ஆளுக" என்றேன். நெற்றியில் மூன்று பட்டை, மனதில் முந்நூறு பட்டை. நாய் வாலை நிமிர்த்த முடியாது.

சாயங்காலம் மணிமொழியிடம் விசாரித்ததில், ரூபனின் அப்பா சுகாதாரப் பிரிவில் இருந்தாராம். எனக்கு அதனால் ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

புதன், ஜூன் 14

சிலிண்டர் வந்தது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினேன். முதலாமாண்டுக்குச் சமூக அடுக்குகள் பற்றி வகுப்பு. கடைசி வரிசை முழுக்கத் தூங்கியது. இந்த நாடு உருப்படாது.

ஞாயிறு, ஜூன் 18

இன்று மறுகரையின் சமூக அமைப்பை விளக்கினேன். கப்பலில் எந்தத் தளத்தில் யார் இருந்தார்களோ அவர்கள் வாரிசுகள் அந்தத் தளத்தின் பெயரால் அழைக்கப்படுவார்கள். முதல் தளம், கப்பலோட்டிகள். இரண்டாம் தளம், மருத்துவர்களும் ஆசிரியர்களும். இப்படியே இறங்கி ஒன்பதாம் தளம், கழிவு மறுசுழற்சி. எல்லாருக்கும் ஒரே உணவு, ஒரே சட்டம், ஒரே ஓட்டு.

மணிமொழி இரண்டாம் தளத்து மருத்துவச்சியாக ஆடுகிறாள். கோமதிநாயகம் வியாபாரியாக வேண்டுமாம். காசில்லாத உலகத்தில் வியாபாரி! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? சரி, பண்டகசாலைக்காரராக இருங்கள் என்றேன். ரூபன் அவனாகவே ஒன்பதாம் தளத்தை எடுத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை. இது பதிவாக இருக்கட்டும்.

"ஒன்பதாம் தளத்துல பொறந்தவன் கப்பல் ஓட்டலாமா சார்?" என்று கேட்டான்.

"தாராளமா. சட்டத்துல தடையே இல்ல."

"யாராவது ஓட்டியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்ல. அவங்களுக்கு அதுல ஆர்வம் கம்மி."

கோமதிநாயகத்துக்குப் பஜ்ஜி புரையேறிவிட்டது. "சார், இது நம்ம ஊருதான சார். பேரத்தான் மாத்திருக்கீக."

அரைகுறைகளுக்கு விளக்கம் சொல்வதே என் பிழைப்பாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கழிவோடு புழங்கியதால் ஒன்பதாம் தளத்தார் உடலில் ஒரு நுண்ணுயிர் தங்கிவிட்டது, அது மற்றவர்களுக்கு ஆகாது, ஆகவே தனிக் குடியிருப்பு, இது அறிவியல், இதில் வெறுப்பு துளியும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன்.

"நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாண்டி வந்தவங்க சார்" என்றான் ரூபன். "முந்நூறு வருசமா ஒரு கிருமிக்கு மருந்து கண்டுபிடிக்க முடியலையா?"

பணிவாகத்தான் கேட்டான். பணிவாகக் கேட்கிற ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்காது. ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

ஞாயிறு, ஜூலை 2

தாது ஏற்றிவரும் வண்டி தூசிப்புயலில் சிக்கியது. மணிமொழியின் மருத்துவச்சியும் ரூபனின் ஆளும் உள்ளே. காற்றுக் குடுவை ஒன்றுதான் மிச்சம். மாற்றி மாற்றி மூச்சுவிட்டார்கள்.

"கிருமி விதி ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு. உருட்டிப் பாருங்க" என்றாள். உருட்டினேன். நோய் வரவில்லை. தற்செயல்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். "இன்னொரு பஜ்ஜி வச்சுக்கய்யா" என்று ரூபனின் தட்டில் இரண்டு வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. அம்மா வெகுளி. யாரிடம் எவ்வளவு பழகவேண்டும் என்று தெரியாது.

பிறகு மணிமொழி கேட்டாள்: "அண்ணே, ரெண்டாம் தளத்துப் பொண்ணு ஒன்பதாம் தளத்துப் பையனக் கட்டிக்கலாமா?"

"தடை ஏதும் இல்ல."

"அப்ப யாரு தடுக்குறா?"

"யாரும் தடுக்கல. நடக்கிறதில்ல. அது சமூக மனப்பான்மை."

கோமதிநாயகம் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் மந்தம். என்ன புரிந்ததோ.

புதன், ஜூலை 5

மணிமொழி சொல்லிவிட்டாள். ரூபனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம்.

எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். நான் யார் மகன்? என் யோசனையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். அந்தக் காலத்து மனுஷி. பிரஷர் வேறு.

"அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றேன்.

"அம்மாவுக்கு என்ன ஆகப் போகுது?"

"உனக்குத் தெரியாது. நான் பக்குவமாப் பேசுறேன்."

"சரிண்ணே. நீங்களே பேசுங்க. எப்பப் பேசுறீங்கன்னு பாக்குறேன்."

வியாழன், ஜூலை 6

அம்மாவிடம் பேசவில்லை. மிக்ஸி பழுது.

சனி, ஜூலை 8

அம்மாவிடம் பேச வேளை அமையவில்லை. ரூபனைப் பற்றி நடுநிலையோடு யோசித்தேன். சத்தமாகச் சிரிக்கிறான். சம்பளம் என்னைவிட அதிகம், ஆனால் தனியார் வேலை, நாளைக்கே போனாலும் போகும். "சார்" என்று கூப்பிடுகிறான், ஆனால் அதில் ஏதோ குறைகிறது. இவையெல்லாம் எந்த அண்ணனும் பார்க்க வேண்டியவை. சாதி எனக்கு ஒரு பொருட்டே அல்ல. அதனால்தான் அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதவில்லை.

ஞாயிறு, ஜூலை 9

மணிமொழியின் மருத்துவச்சி இணைவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். மறுகரையில் அதற்கு ஏற்பாடு என்ன என்றாள். ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்த இடத்தில் ஒரு நிறுவனத்தை உருவாக்கினேன்: இணைவு மன்றம். இருவரின் தளத்து முதுவர்களும் நேரில் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். மறுக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கேட்டால் போதும். ஒரு மரியாதைக்காக.

"வரலைன்னா?" என்றான் ரூபன்.

"வர்ற வரைக்கும் தள்ளிவைக்கணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"வர்ற வரைக்கும்."

தடை இல்லாத, தண்டனை இல்லாத, யாரையும் புண்படுத்தாத ஏற்பாடு. இதை நான் யோசித்த வேகத்தைப் பாராட்டக்கூட ஆளில்லை. கோமதிநாயகம் மட்டும், "எங்க பெரியப்பா இப்படித்தான் சார், கல்யாணப் பேச்சுன்னா ஊருக்குப் போயிருவாரு" என்றார். அண்டவெளியைப் பற்றிப் பேசினால் இவர் பெரியப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

ஞாயிறு, ஜூலை 16

மன்றம் கூடியது. இரண்டாம் தளத்து முதுவராக நான். அவர் வந்துவிட்டார் என்றே வைத்தேன். என் பெருந்தன்மை.

மணிமொழி எழுந்து நின்று பேசினாள். இதுவரை ஆட்டத்தில் அவள் எழுந்து நின்றதில்லை.

"முதுவரே, நீங்க வேணாம்னு சொல்லிட்டா நான் சண்டை போட்ருவேன். எனக்குச் சண்டை போடத் தெரியும். நீங்க வேணாம்னும் சொல்ல மாட்டேங்குறீங்க, சரின்னும் சொல்ல மாட்டேங்குறீங்க. சிரிச்ச மொகமா உக்காந்திருக்கீங்க. அதோட நான் எப்படிச் சண்டை போடுறது? சின்னப் பிள்ளையில இருந்து நீங்க சொன்னதத்தான் நான் நம்புனேன். எல்லாரும் சமம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதாண்ணே."

"முதுவர்னு சொல்லு" என்றேன். "பாத்திரத்துல இருந்து வெளிய வராத."

உட்கார்ந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். முதுவர் மனம் இளகிக் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறாரா என்று பகடைதான் சொல்லவேண்டும். பத்துக்கு மேல் விழுந்தால் இளகுவார் என்று அறிவித்து, மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். பதினேழு. ஆனால் பகடை அட்டையில் லேசாகப் பட்டிருந்தது. தட்டுப்பட்ட பகடை செல்லாது, எந்த ஊர் விதியும் அதுதான். மறுபடி உருட்டினேன். பதினான்கு. கோமதிநாயகத்தின் முழங்கை பட்டு மேசை ஆடியிருந்தது. மூன்றாவது தடவை சுத்தமாக விழுந்தது.

"நாலு. முதுவர் எழுந்து போயிட்டார்" என்றேன்.

ரூபன்தான் பேசினான், அதே பணிவோடு.

"மூணு தடவ சத்தம் கேட்டுச்சு சார்."

நடுவரைக் கேள்வி கேட்டால் ஆட்டமே இல்லை. அதைச் சொன்னேன். அவன் தன் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான். என்னிடமும் சொல்லிக்கொண்டான். அந்தப் பணிவு இருக்கிறதே!

புதன், ஜூலை 19

பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்களாம். ஒரு மாதம் கழித்துக் கல்யாணம். காலையில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது மணிமொழி வந்து சொன்னாள்.

"சாட்சிக் கையெழுத்துக்கு மூணு பேர் வேணும். மொதக் கையெழுத்து நீங்க போடணும்ணே. வேற ஒண்ணும் கேக்கல."

"அம்மாகிட்டப் பேசிட்டுச் சொல்றேன்."

"இன்னும் பேசலையா?"

"நேரம் பாத்துட்டிருக்கேன்."

ஷூ லேஸ் அறுந்துவிட்டது. இந்தக் காலத்தில் எதுவும் உழைப்பதில்லை.

ஞாயிறு, ஜூலை 23

யாரும் வரவில்லை.

ஞாயிறு, ஜூலை 30

யாரும் வரவில்லை. கோமதிநாயகம் மட்டும் போன் செய்து வயிறு சரியில்லை என்றார். அவர் சாப்பிடும் பஜ்ஜிக்கு அது சரியாக இருந்தால்தான் ஆச்சரியம்.

அம்மா, "அந்தத் தம்பி ஏன் வர்றதில்ல?" என்று கேட்டாள். வேலையாக இருப்பான் என்றேன். என்னை ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் கொத்தமல்லி ஆய உட்கார்ந்துவிட்டாள். அப்போதே பேசியிருக்கலாம். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு, ஆகஸ்ட் 13

தனியாக வேலை செய்வதுதான் உசிதம். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தது என் தவறு. மறுகரையின் கல்வி முறை, தேர்தல் முறை, ஈமச்சடங்கு எல்லாம் எழுதி முடித்தேன். முதுவர் வராத இணைவு செல்லாது என்று ஒரு விதியும் சேர்த்தேன். வாசித்துப் பார்த்தேன். மிகச் சீரான சமூகம். சத்தமே இல்லை.

வீட்டிலும் சத்தமில்லை. மணிமொழி என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. சாப்பிட்டீங்களா என்பாள், குளிக்க வெந்நீர் வைக்கவா என்பாள். விருந்தாளியிடம் பேசுவது மாதிரி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவே இல்லை.

செவ்வாய், ஆகஸ்ட் 22

"நாளைக்குப் பத்தரைக்கு. வர்றீங்களாண்ணே?" என்றாள்.

துறைக் கூட்டம் இருக்கிறது என்றேன். உண்மையாகவே இருக்கிறது.

புதன், ஆகஸ்ட் 23

துறைக் கூட்டம் பத்து மணிக்கு ரத்தானது. ஆட்டோ பிடித்தால் போயிருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். ஆனால் மதுரைப் போக்குவரத்து தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். நூலகத்தில் உட்கார்ந்து மத்தியானம் வரை பேப்பர் படித்தேன். கோமதிநாயகத்தைத் தேடினேன். விடுப்பாம்.

வீட்டுக்கு வந்தால் பூட்டியிருந்தது. வாசலில் நின்றிருந்தபோது ஆட்டோ வந்தது. அம்மா இறங்கினாள். பட்டுச்சேலை, தலையில் பூ. அப்பா போன பிறகு அவள் தலையில் பூ பார்த்ததில்லை.

"எங்கம்மா போயிட்டு வர்ற?"

"கையெழுத்துப் போட. நானு, உங்க காலேஜு சாரு, மாப்பிள்ளையோட கூட்டாளி. பேர எழுதி எம்புட்டு வருசமாச்சு, கை நடுங்கிருச்சு. அந்த சாருதான் பக்கத்துல நின்னு எடத்தக் காமிச்சாரு."

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"தை மாசமே சொல்லிட்டாளே."

"நான்... உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்ம்மா..."

அம்மா கதவைத் திறந்துகொண்டிருந்தவள் திரும்பினாள்.

"என்னைய எப்படா கேட்ட?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"உங்கப்பாவும் இதையேதான் பண்ணுவாரு. மேடையில நல்லாப் பேசுவாரு. எவனாவது வந்து, உங்க வீட்டுல பொண்ணெடுக்கலாமா, எங்க வீட்டுல சாப்பிட வர்றீங்களான்னா, எனக்கொண்ணுமில்லப்பா, அவதான் ஒத்துக்க மாட்டான்னு என் தலையில கட்டிருவாரு. ஊரு பூரா நாந்தான் பொல்லாதவ. அவரு போனாரு, நீ வந்த." சாவியை ஆணியில் மாட்டினாள். "என் பேரச் சொல்லித் தடுக்குற வேலைய இன்னையோட விட்ரு தம்பி. ஒனக்கு வேணாம்னா, எனக்கு வேணாம்னு ஒன் வாயால சொல்லு."

உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். அவள் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. அப்பாவைப் பற்றி அவள் சொன்னது நியாயமில்லை. நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வியாழன், ஆகஸ்ட் 24

கல்லூரியில் கோமதிநாயகம் எதிரே வந்தார். வெட்கமே இல்லாமல் லட்டு நீட்டினார். "ஆள் யாருன்னு மொத நாளே கேட்டது நீங்கதான" என்றேன், குத்திக்காட்டவேண்டும் என்றுதான்.

"ஆமா சார், கேட்டேன். எங்க வீட்டுப் பழக்கம் வாயில வந்துருச்சு. தப்புத்தான்" என்றார். "ஆனா உங்க தங்கச்சி அன்னைக்கு எந்திரிச்சு நின்னு பேசுச்சு பாருங்க, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல சார்."

லட்டை வாங்கிக்கொண்டேன். மேசை இழுப்பறையில் வைத்தேன். எறும்பு மொய்த்துவிட்டது.

ஞாயிறு, செப்டம்பர் 3

அம்மா காலையிலேயே கோழிக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் ஊற்றினாள். "மணி வீட்டுக்குக் குடுத்துட்டு வரணும். நீ கொண்டுபோய் விடுறியா, நான் ஆட்டோ புடிக்கட்டா?" என்றாள். வண்டியை எடுத்தேன்.

சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. சுத்தமான தெரு. எங்கள் தெருவைவிடச் சுத்தம். ரூபனின் அப்பா பனியனோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலி போட்டார். மணிமொழி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே!" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா நேரே உள்ளே போய்ப் பாத்திரத்தை இறக்கினாள், தன் வீடு மாதிரி.

"வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க மச்சான்" என்றான் ரூபன்.

மச்சான்! மணிமொழி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"தாகமில்ல" என்றேன்.

சிரிப்பு அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சொம்பை உள்ளே எடுத்துப் போனாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். ரூபனின் அப்பா வெயிலைப் பற்றி ஏதோ பேசினார். வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அம்மா வரவில்லை, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள்.

தெருமுனையைத் தாண்டி முதல் கடையில் வண்டியை நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். நின்ற இடத்திலேயே மொத்தத்தையும் குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, இதற்கு ஒரு காரணம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.